ரத்தம் சரி, ஆள் சரியில்லை

ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவுகிறாள். எதை உருவப்போகிறாள் என்பது வரிசையில் நிற்கும் யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. முன்கூட்டித் தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் சோதனையா என்பது அவள் கட்சி. பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, வெள்ளை ஓட்டின் மேல் ஒரு கரண்டி உப்பைக் கொட்டி, கரண்டியின் முதுகால் தட்டிச் சமமாக்கி, கண்மருந்துக் குப்பி போன்ற ஒன்றிலிருந்து இரண்டு சொட்டு விடுகிறாள். உப்பில் அயோடின் இருந்தால் சொட்டு விழுந்த இடம் ஊதாவாக மாறும். போதுமான அளவு இருந்தால் அடர்ந்த ஊதா, குறைவாக இருந்தால் துவைத்து வெளுத்த ஊதா. பக்கத்தில் வந்து நின்று, "ஊதாதானேம்மா இது?" என்று கெஞ்சுகிறார் ஷிப்ட் இன்சார்ஜ். அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"ஊதா மாதிரி இருக்கு சார். லைனை நிறுத்துங்க."

உப்புப் பாக்கெட் போடும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கறார்'. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அது அவள் காதில் விழுந்து, அவளுக்கே பிடித்துப்போய், இப்போது முகத்துக்கு நேரே கூப்பிட்டால்தான் திரும்புகிறாள்.

வயது இருபத்து நான்கு. உயரம் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். சோதனை மேசைக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது என்பதால், உடைந்த மரப்பெட்டி ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் பாதங்களை வைத்துக்கொள்வாள். அந்தப் பெட்டியை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். புதிதாக வரும் லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "பாப்பா, உள்ள பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்பார்கள். "இருக்காங்க. உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. சீட்டைக் குடுங்க" என்பாள். பஸ்ஸில் அரை டிக்கெட் கிழித்து நீட்டும் கண்டக்டரிடம், "நான் முழு ஆளு சார், முழுசாக் கிழிங்க" என்று அதைத் திருப்பிக் கொடுப்பாள். கன்ன எலும்பு துருத்திய முகம், லேசான மஞ்சள் ஓடிய கண், உதட்டில் மட்டும் தீப்பிடித்தாற்போல லிப்ஸ்டிக். "எனக்குள்ள சிவப்பு கொஞ்சம் கம்மி. அதான் வெளியில பூசி ஈடு கட்டறேன்" என்பது அதற்கு அவள் சொல்லும் விளக்கம்.

அவளுக்குத் தலசீமியா. கேட்பவர்களுக்கு அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். "எங்கப்பாகிட்ட பாதிக் கோளாறு, அம்மாகிட்ட பாதி. பாதி பாதியா இருந்ததால அவங்களுக்கு ஒண்ணும் பண்ணல. எனக்கு முழுசா வந்து சேர்ந்துடுச்சு. என் உடம்பு ரத்தம் செய்யறதுல கத்துக்குட்டி. அதனால மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெளியிலேர்ந்து ஏத்திக்கறேன். அவ்வளவுதான் கதை." இதைக் கேட்டுவிட்டு யாராவது 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டினால், "பாவத்தை நீங்களே வச்சுக்கோங்க. ரத்தம் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, எந்த பஸ் ஏறணும்னு சொல்றேன்" என்பாள். இப்படி பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அந்தத் தொழிற்சாலையிலேயே ஒன்பது பேர் உண்டு.

அந்தக் கதையில் அவள் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் கொஞ்சம் இரும்பும் உள்ளே போகிறது. போன இரும்புக்கு வெளியேற வழியில்லை. ஈரலில், இதயத்தில், உடம்பின் சுரப்பிகளில் போய்ப் படிந்துகொள்ளும். அதை வெளியே இழுக்க ஒரு மாத்திரை உண்டு. தினமும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். பதினேழு வயதிலிருந்து இரண்டரை வருஷம் அதைக் கரைத்துக் கரைத்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாள். மறதியால் அல்ல, தீர்மானமாகத்தான் ஊற்றினாள். கூடப் படித்தவர்களெல்லாம் மளமளவென்று வளர்ந்து, ரவிக்கை அளவு பேசிக்கொண்டிருந்த காலம் அது. இதைக் குடித்தால் மட்டும் வளர்ந்துவிடப் போகிறோமா என்ற ஆத்திரம். இரும்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். கூட்டியதும் தொட்டிக்கே போனது. தினமும் காலையில் கழுவிக் கவிழ்த்த டம்ளரைப் பார்த்து அம்மா நிம்மதியானாள்.

பக்கத்துக் கட்டிலில் எட்டு வருஷமாக அவளோடு ரத்தம் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடி நர்ஸ்களிடம் திட்டு வாங்கிய ஒரு தோழி இருந்தாள். இரும்பு படிந்த இதயம் ஒரு நாள் அவளுக்கு நின்றுபோயிற்று. மறுநாள் காலையிலிருந்து கறார் மாத்திரையைக் குடிக்க ஆரம்பித்தாள். ஏன் நிறுத்தினாள், ஏன் தொடங்கினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. புறங்கையில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்தது. பாக்கெட் போடும் கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்ற, இவள் ஸ்வெட்டரின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் தடித்துப்போய், போனில் பேசிய ஒருவர், "தம்பி, அக்கா இருந்தா குடுப்பா" என்றார். அதையெல்லாம் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது வேறு. யாராவது சீண்டினால் சட்டென்று நாக்கில் வந்து நிற்கும் பதில், இப்போது வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு இறங்குவாள்.

ஒரு நாள் மதியம் குப்பியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். விழித்தெழுந்த அவசரத்தில், வெளுத்த ஊதாவை 'சரி' என்று பதிவேட்டில் எழுதிவிட்டாள். சரக்கு லாரியில் ஏறுவதற்குள் அதைக் கண்டுபிடித்தவர் இன்சார்ஜ். 'ஊதாதானே இது' என்று தினமும் அவளிடம் கெஞ்சுகிற அதே மனிதர். கெட்டவர் இல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"ரத்தம் குறைஞ்சிருக்கும்மா உனக்கு. ஒரு மாசம் வீட்ல இரு. அப்புறம் பாத்துக்கலாம்."

'அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் யாரும் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அம்மாவும் அதையேதான் சொன்னாள். "ரெண்டு பை ஏத்திட்டா எல்லாம் சரியாயிடும் கண்ணு." ரத்தம் ஏற்றும் நாள் வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் சோதித்த அளவு ஒன்பதரைக்கு மேல் இருந்தது. வழக்கமாக அவள் போய்ச் சேரும்போது இருப்பதைவிட நல்ல அளவு. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வார்டின் புது டாக்டரிடம் போய் நின்றாள்.

"ரத்தம் சரியா இருக்கு டாக்டர். ஆள்தான் சரியில்ல."

"தலசீமியால களைப்பு இருக்கத்தான் செய்யும்மா."

இதற்கான பதிலை அவள் முந்தின நாளே பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தாள். "எனக்கு இருபத்து நாலு வருஷமா தலசீமியா இருக்கு. இந்தக் களைப்புக்கு மூணு மாசம்தான் வயசு. ரெண்டும் ஒண்ணா எப்படி டாக்டர் இருக்கும்?"

அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பதில் அவளுக்கு நாக்கில் வரவில்லை. இனி அது மறுநாள்தான் வரும். கட்டிலுக்கு வந்து கையை நீட்டி, எந்த நரம்பில் குத்தவேண்டும் என்று நர்ஸுக்குக் காட்டினாள்.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிப் பெண் வார்டுக்குள் வந்தாள். மருத்துவம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக ஆய்வு செய்கிற பெண். கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மூடிபோட்ட பிளாஸ்டிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் பெயருக்குப் பதிலாக ஓர் எண். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் உடம்பில் அயோடின் போதுமான அளவு சேர்கிறதா, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். கோப்பையில் சிறுநீரும் கையிலிருந்து கொஞ்சம் ரத்தமும் வேண்டும். அன்றைக்கு வார்டில் இருந்தவர்கள் பதினொரு பேர். அம்மாக்களும் அப்பாக்களும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கறார் மட்டும் தாளை முன்னும் பின்னும் படித்தாள்.

"இதோட முடிவை எங்ககிட்ட எப்போ சொல்லுவீங்க?"

"முடிவு கட்டுரையா வரும்."

"கட்டுரையை யாரு படிப்பாங்க?"

"டாக்டர்கள் படிப்பாங்க." ஆராய்ச்சிப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். "ஒருத்தரோட ஒரே ஒரு சாம்பிளை வச்சுகிட்டு அவருக்கு அயோடின் பத்துதா இல்லையான்னு சொல்ல முடியாதுங்க. நேத்து என்ன சாப்பிட்டோம்கறதுக்குத் தகுந்தாப்ல அது மாறும். எல்லாரையும் சேர்த்துப் பாத்தாத்தான் தெரியும்."

"தெரியும். நான் உப்புல அயோடின் பாக்கறவ. ஒரு பாக்கெட்டை வச்சு ஒரு லோடையே ஒதுக்க மாட்டேன். அயோடின் கதையை விடுங்க. ரத்தத்துல தைராய்டு பாக்கறீங்களே, அதுவும் அப்படித்தானா? அதுவும் ஆளுக்கு ஆள் சொல்ல முடியாதா?"

ஆராய்ச்சிப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "அதைச் சொல்லலாம். ஆனா அது திட்டத்துல இல்ல."

"அப்போ எங்க கழுத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும், கட்டுரைக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, சொல்லவேண்டிய பதில் சொல்லவேண்டிய நேரத்தில் வந்துவிட்டது. அதில் அவளுக்கே ஒரு தெம்பு ஏறியது. தன் எண் ஒட்டியிருந்த கோப்பையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "ஆளுக்கு ஆள் சொல்றதா எழுதிக் குடுங்க. இல்லைன்னா இது காலியாத்தான் இருக்கும்."

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். "ஏம்மா, நல்ல காரியத்துக்கு வந்த பொண்ணை இப்படி மடக்கறே?" என்று கடிந்துகொண்டார். ஆனால் எதிர்க்கட்டிலில் பத்து வயதுப் பெண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய், அதுவரை வாயே திறக்காதவள், மெல்ல எழுந்து வந்து பெட்டியிலிருந்து தன் மகளின் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் தெரியணும்மா" என்றாள். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அந்த மேசைமேல் ஏழெட்டுக் கோப்பைகள் தலைகீழாக நின்றன.

ஆராய்ச்சிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவள்தானே. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் இருபது நிமிஷம் தன் பேராசிரியரோடு மன்றாடிவிட்டு வந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும், 'தைராய்டு சோதனை முடிவு நோயாளிக்கு எழுத்தில் தரப்படும்' என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டாள். பதினொன்றிலும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்த கறார், கோப்பையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு, ரத்தப் பை தொங்கும் கம்பியைத் தள்ளியபடி கழிப்பறைக்கு நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து உறைகளோடு அந்தப் பெண்ணே நேரில் வந்தாள். வார்டைச் சேர்த்துப் பார்த்தால் அயோடினுக்குக் குறைவில்லை. தைராய்டில்தான் பழுது. பதினொரு பேரில் மூன்று பேருக்குச் சுரப்பி சோம்பிப்போயிருந்தது. அதில் ஒருத்தி எதிர்க்கட்டில் பத்து வயதுப் பெண். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கி, பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தவள். இன்னொருத்தி கறார். சுரப்பி சோம்பினால் ஏறும் ஓர் அளவு உண்டு, ஐந்துக்குள் இருக்கவேண்டிய அது அவளுக்குப் பத்தொன்பது. எப்படிச் சொல்வது என்று ஆராய்ச்சிப் பெண் இழுத்தபோது, "அப்பாடா" என்றாள் கறார்.

"பயமா இல்லையா?"

"இத்தனை நாள் எதோட சண்டை போடறேன்னே தெரியாம இருந்தேன். இப்போ ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

வீட்டில் நடந்தது வேறு. தைராய்டு என்றால் உப்புக் குறைச்சல் என்று எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டாள். அன்று தட்டில் விழுந்த முதல் வாயை கறார் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழித்தாள். அப்பா தண்ணீர்ச் சொம்பைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"உப்பை எத்தனை தடவைம்மா போட்டே?"

"அயோடின் பத்தலைன்னா உப்புதானேடி மருந்து?"

"எனக்கு அயோடின் பத்தும்மா. சரக்கெல்லாம் ஒழுங்கா வந்து இறங்குது. மிஷின்தான் ஓடல."

"மிஷினுக்கு என்ன வந்துச்சு?"

உறையிலிருந்த முடிவைப் பார்த்துவிட்டு வார்டின் பெரிய டாக்டர் அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார். சுரப்பியில் இரும்பு படிந்திருக்கலாம், பெரும்பாலும் அதுதான் காரணம், மாத்திரை ஒழுங்காகக் குடித்தவர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு என்று. கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டியில் ஊற்றிய இரண்டரை வருஷத்தையும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கரண்டியை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அம்மா மாத்திரையைத் தானே கரைத்துக்கொண்டு வந்து, நீட்டி, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா, முன்னாடி நிக்கறே?"

"சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்பிட்டேன். அதான் இப்போ நிக்கறேன்."

அதற்கு கறாரிடம் பதில் இல்லை. இந்த முறை குற்றம் தைராய்டின் மேல் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டுக்கு ஒரு கடுகளவு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. சாயந்திரம், அம்மாவின் காவலில், இரும்பை இழுக்கும் டம்ளர். இன்சார்ஜ் கொடுத்த ஒரு மாசம் முடிந்த மறுநாள் காலை, சால்வையைப் போர்த்திக்கொண்டே தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர்.

"ரிப்பேர்ல இருக்கு சார். சரியாக இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் பாக்கற ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொருத்தர் கூடப் பாக்கட்டும். ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கேன், அதனால நானே சொல்றேன். ஆனா ஸ்டூல் என்னோடது."

அவர் யோசித்தார். அவள் இல்லாத ஒரு மாசம் அந்த மேசையில் அவரே உட்கார்ந்து பார்த்திருந்தார். அந்த மாசம் முழுக்க எல்லாமே ஊதாவாகத்தான் இருந்தது. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் ஒரு லோடைத் திருப்பி அனுப்பியும் விட்டார். "சரி வா" என்று முன்னால் நடந்தார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவள் லைனை இரண்டு தடவை நிறுத்தினாள். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டபோது, பாக்கெட் ஒட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் சால்வை போயிற்று. குரல் பழைய குரலானது. பதில்கள் அந்தந்த நாளே வரத் தொடங்கின.

போன வாரம் ரத்தம் ஏற்றும் நாள். தலைமை நர்ஸ் வார்டுப் பிள்ளைகளின் கோப்புகளையெல்லாம் மேசையில் அடுக்கி, புதிதாக அச்சடித்து வந்த தாள்களைச் செருகிக்கொண்டிருந்தார். தேதி, ரத்த அளவு, இரும்பு, ஈரல், எடை, உயரம் என்று வரிசையாகக் கட்டங்கள். கறார் கட்டிலில் இருந்தபடியே எட்டி ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"தைராய்டு எங்கக்கா?"

"அச்சடிச்சு வந்ததே அப்படித்தான். அதுக்கு இடம் இல்ல. டாக்டர் கேட்டா ஓரத்துல எழுதிக்குவோம்."

"அவர் கேக்கலைன்னா?"

நர்ஸ் அடுத்த தாளைச் செருகினார்.

"ஸ்கேல் இருக்காக்கா? ஒரு பேனாவும் குடுங்க."

"சும்மா படு. கையில ஊசி இருக்கு."

"அது இடது கை. அது பாட்டுக்கு அதோட வேலையைப் பாக்கும்."

எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். கோப்புகளை மடிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, ரத்தம் இறங்கிக்கொண்டிருந்த கையின் முழங்கையால் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, உயரத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த விரற்கடை வெள்ளையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். அதன் தலையில் 'தைராய்டு – வருஷா வருஷம்' என்று எழுதினாள். ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்தது. பத்து வயதுப் பெண்ணின் தாய் எழுந்து வந்து, எழுதி முடித்தவற்றை வாங்கி அடுக்கினாள். முதலில் முறைத்துக்கொண்டு நின்ற நர்ஸ், பிறகு கோப்புகளின் கட்டைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். நடுவில் புது டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அவளுக்கு முன்னால் நின்று, ஒரு கோப்புக்காகக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள். கோட்டை அடிவரைக்கும் இழுத்து, தலைப்பை எழுதி, மை காய ஊதி, அவர் கையில் அதை வைத்தாள். பிறகு, தலை நிமிராமலே, அடுத்த கோப்புக்காக நர்ஸை நோக்கிக் கையை நீட்டினாள்.